முப்பத்தேழு போன வழி

உலக சுகாதார நிறுவனம் 2000 ஜூன் 21 அன்று வெளியிட்ட ஆண்டறிக்கையில் ஆறு அத்தியாயங்கள் உண்டு. மருத்துவச் சேவையை யார் நடத்துவது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருவது, தனியார் மருத்துவத்தை அரசு எப்படிக் கண்காணிப்பது என்று நிதானமாகப் பேசும் அத்தியாயங்கள். அவற்றை முழுக்கப் படித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் நேராகப் போய் நின்றது புத்தகத்தின் பின்பகுதியில். அங்கே பத்து இணைப்பு அட்டவணைகள். கடைசி அட்டவணையில் 191 உறுப்பு நாடுகளையும் வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். பிரான்ஸ் 1, இத்தாலி 2, சான் மரீனோ 3. சிங்கப்பூர் 6. இலங்கை 76, வங்கதேசம் 88, இந்தியா 112, சீனா 144. கடைசியில் சியரா லியோன். கோஸ்டா ரிக்காவுக்கு ஒரு படி கீழே, ஸ்லோவேனியாவுக்கு ஒரு படி மேலே அமெரிக்கா: 37.

அந்த 37-இன் கதை இது. ஓர் எண்ணுக்கு வாழ்க்கை வரலாறு எழுதலாமா என்று கேட்டால், இதற்கு எழுதலாம். பாட்டன் பூட்டன் உண்டு, வளர்த்தவர்கள் உண்டு. சினிமாவில் நடித்திருக்கிறது, பாட்டாகியிருக்கிறது. பிறந்த புத்தகத்தின் பதிப்பாசிரியரே கைகழுவிய பிறகும் பிழைத்திருக்கிறது.

பூட்டன் என்று சொல்லத்தக்கவர் மைக்கேல் ஃபாரெல் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர். 1957-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் ‘செயல்திறன்’ என்பதை எண்ணால் அளக்கும் வழியைக் காட்டியது. யோசனை எளிமையானது. ஒருவர் எவ்வளவு விளைவித்தார் என்று மட்டும் பார்க்காதே. கையில் இருந்த நிலம், ஆள், உரம் ஆகியவற்றை வைத்து அதிகபட்சம் எவ்வளவு விளைவித்திருக்க முடியும் என்று பார். உண்மையில் விளைந்ததற்கும் விளைந்திருக்கக்கூடியதற்கும் உள்ள இடைவெளிதான் திறமைக்குறைவு. அதிகபட்சம் எவ்வளவு என்பதைக் கடவுளா வந்து சொல்வார்? இருப்பவர்களிலேயே மிகச் சிறப்பாகச் செய்தவர்களை இணைத்து ஒரு கோடு போடு, அதுதான் எல்லை. ஃபாரெல் இதைச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் 48 மாநிலங்களின் விவசாயத்தில். வயலுக்குச் செய்த கணக்கு நாற்பது ஆண்டு கழித்து மருத்துவமனைக்குப் போனது.

இன்னொரு கிளை மக்கள்தொகை ஆய்விலிருந்து வருகிறது. 1975-இல் சாமுவேல் பிரெஸ்டன் நாடுகளின் வருமானத்தையும் சராசரி ஆயுளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். ஏழை நாடுகளில் வருமானம் கொஞ்சம் கூடினாலே ஆயுள் மளமளவென்று ஏறுகிறது. பணக்கார நாடுகளில் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. கோட்டைவிடக் கோட்டிலிருந்து விலகி நின்ற புள்ளிகள்தான் பலரை உறுத்தின. ஒரே வருமானத்தில் ஒரு நாட்டு மக்கள் ஏன் பத்து ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள்? 1985-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் இதற்கென்றே ஒரு கூட்டம் நடத்தியது. அங்கே ஆராயப்பட்டவை நான்கு: சீனா, கோஸ்டா ரிக்கா, இலங்கை, கேரளம். ‘குறைந்த செலவில் நல்ல உடல்நலம்’ என்பது அந்தக் கூட்டத்து நூலின் தலைப்பு. அதில் தரவரிசை கிடையாது. பெண் கல்வி, நடந்து போகும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், அரிசிக்கு மானியம், தேர்தலில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்று காரணங்களைத் தேடிப்போன நூல் அது. பின்னால் வந்த பட்டியலைவிட எனக்கு இந்த மூதாதையை அதிகம் பிடிக்கும். அதை அப்புறம் பார்ப்போம்.

1998 ஜூலையில் நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரானார். அவரும் மருத்துவர்தான், ஆனால் நிதியமைச்சர்களோடு வாதாடிப் பழகியவர். உடல்நலத்துக்குப் பணம் கேட்டால் அமைச்சர்கள் முதலில் கேட்பது ‘கொடுத்த பணத்தில் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வியைத்தான். அதற்கு எண்ணில் பதில் சொல்லும் ஆட்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். மெக்சிகோவிலிருந்து ஹூலியோ ஃபிரெங்க் வந்தார். ஹார்வர்டிலிருந்து கிறிஸ்டோபர் மர்ரே வந்தார். நோயால் இழக்கப்படும் ஆண்டுகளை எண்ணும் முறையை ஆலன் லோபஸோடு சேர்ந்து உருவாக்கியவர் மர்ரே. உலக வங்கியின் 1993 அறிக்கை அந்தக் கணக்கை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மர்ரே சிறுவனாக இருந்தபோது, நைஜர் நாட்டுப் பாலைவன ஓரத்தில் டிஃபா என்ற ஊரின் மருத்துவமனையை அவருடைய குடும்பம் ஒரு வருடம் நடத்தியது. எதையும் எண்ணிவிட முடியும் என்ற அவருடைய பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, எதையும் எண்ணாத ஓர் இடத்தை அவர் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

இனி 37-ஐச் சமைத்த விதம். நல்ல சுகாதாரக் கட்டமைப்பு மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று தொடங்கினார்கள். மக்களை நலமாக வைத்திருக்க வேண்டும். அவர்களை மனிதர்களாக நடத்த வேண்டும்: மரியாதை, ரகசியம் காத்தல், காக்க வைக்காமல் கவனித்தல், சுத்தமான இடம். செலவைச் சுமத்துவதில் நியாயம் இருக்க வேண்டும். முதல் இரண்டிலும் சராசரி மட்டும் போதாது, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆக ஐந்து அளவுகள். உடல்நலத்தோடு வாழக்கூடிய ஆயுளுக்கு 25 விழுக்காடு, குழந்தைகள் பிழைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கு 25, நடத்தும் விதத்துக்கும் அதில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கும் பன்னிரண்டரை பன்னிரண்டரை, நிதி நியாயத்துக்கு 25.

இந்த எடைகளை யார் தீர்மானித்தது? ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உலக சுகாதார நிறுவனத்தின் ஊழியர்கள்.

ஐந்தையும் கூட்டினால் கிடைப்பது சாதனை அளவு. அதில் ஜப்பான் முதலிடம், அமெரிக்கா 15. இங்கேயே நிறுத்தியிருந்தால் 37 பிறந்திருக்காது. அடுத்த படியில்தான் ஃபாரெல் வருகிறார். நாட்டின் தலைக்கு ஆகும் மருத்துவச் செலவையும் மக்களின் சராசரிக் கல்வி ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு, இவ்வளவு வசதிக்கு அதிகபட்சம் எவ்வளவு சாதித்திருக்கலாம் என்று ஓர் எல்லை போட்டார்கள். மருத்துவக் கட்டமைப்பு என்று ஒன்று இல்லாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓர் அடிமட்டமும் போட்டார்கள். அதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நாடுகளின் விவரங்களைத் தோண்டி எடுத்தார்கள். அடிமட்டத்துக்கும் எல்லைக்கும் நடுவே ஒரு நாடு எங்கே நிற்கிறதோ அதுதான் மதிப்பெண். பிரான்ஸுக்கு 0.994. அமெரிக்காவுக்கு 0.838. இந்தியாவுக்கு 0.617.

அமெரிக்காவின் வரியை முழுக்கப் படித்தால் ஒரு நாட்டின் குணமே தெரியும். தலைக்குச் செலவில் உலகிலேயே முதலிடம். நோயாளியை நடத்தும் விதத்திலும் முதலிடம். உடல்நலத்தோடு வாழும் ஆயுளில் 24. நிதி நியாயத்தில் ஐம்பதுக்கும் கீழே. செலவழித்த பணத்துக்கு எவ்வளவு உடல்நலம் வாங்கினார்கள் என்ற தனிக் கணக்கில் 72. இவ்வளவையும் போட்டு அரைத்தால் 37. இதே தனிக் கணக்கில் முதலிடம் ஓமனுக்கு. ஒரு தலைமுறைக்குள் குழந்தை இறப்பைச் சரசரவென்று குறைத்துக் காட்டிய நாடு அது. உலகத்தின் கவனம் ஓமன் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டவணை நேர்மையாகத்தான் அச்சானது. ஒவ்வொரு நாட்டுக்கும் பக்கத்தில், இந்த இடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அமெரிக்காவுக்கு அது 35 முதல் 44 வரை. அன்று மாலையே அந்த இரண்டு எண்களும் உதிர்ந்துவிட்டன. செய்தித்தாளில் தலைப்பு வைப்பவர் ‘அமெரிக்கா 35-க்கும் 44-க்கும் இடையில் எங்கோ’ என்று எழுத மாட்டார்.

முதலில் கொதித்தது பிரேசில். 125-ஆம் இடம். 1988 அரசியலமைப்பில் மருத்துவம் குடிமக்களின் உரிமை என்று எழுதி, நாடு முழுக்க ஒரு பொதுக் கட்டமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. எங்கள் நாட்டில் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்று கேட்டார்கள். பதில் சங்கடமானது. நோயாளியை நடத்தும் விதம் குறித்து விவரம் சேகரித்தது 35 நாடுகளில்தான். அதுவும் நோயாளிகளிடம் இல்லை, விஷயம் தெரிந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம். நிதி நியாயத்துக்குக் குடும்பச் செலவுக் கணக்கு கையில் இருந்தது 21 நாடுகளுக்கு. மிச்ச நாடுகளுக்கு? இருக்கிற நாடுகளின் போக்கை வைத்துச் சூத்திரம் போட்டு ஊகித்துக்கொண்டார்கள். ரியோ டி ஜனீரோவின் செலியா அல்மெய்டாவும் சகாக்களும் 2001-இல் ‘லான்செட்’ இதழில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். அதே இதழில் வின்சென்ட் நவாரோ முன்பே அடித்திருந்தார். காப்பீட்டு நிறுவனங்களின் போட்டியை 1993-இல் சட்டமாக்கிய கொலம்பியா நிதி நியாயத்தில் உலகின் முதலிடம் பெற்றது அவருக்குத் தற்செயலாகப் படவில்லை. பிரிட்டனின் ஆலன் வில்லியம்ஸ், இது அறிவியலா விளம்பரமா என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார்.

நிதி நியாயத்தில் ஒரு வேடிக்கை. எல்லாக் குடும்பமும் சாப்பாட்டுச் செலவு போக மிச்சப் பணத்தில் ஒரே விகிதத்தை மருத்துவத்துக்குத் தந்தால் அது முழு நியாயம் என்று வரையறுத்தார்கள். பணக்காரர் கூடுதல் விகிதம் கட்டினால்? வரையறைப்படி அதுவும் விலகல்தான், மதிப்பெண் குறையும். ஏழை வீட்டை விற்று வைத்தியம் பார்ப்பதும், கோடீஸ்வரர் அதிக வரி கட்டுவதும் சூத்திரத்தின் கண்ணுக்கு ஒரே வகைக் குற்றம்.

எல்லைக்கோட்டுக்குள் வேறொரு சிக்கல் ஒளிந்திருந்தது. பணமும் கல்வியும் விளக்காத எல்லாவற்றையும் அது கட்டமைப்பின் திறமைக்குறைவு என்று எழுதிக்கொண்டது. எய்ட்ஸ் கொன்றுகொண்டிருந்த தென்னாப்பிரிக்கா 175. சியரா லியோனில் 1991-இலிருந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே பிறக்கும் குழந்தை உடல்நலத்தோடு வாழக்கூடிய காலம் 25.9 ஆண்டு என்று அறிக்கையே சொன்னது. துப்பாக்கியும் வெட்டுக்கத்தியும் செய்ததற்குச் சுகாதாரத் துறை பூஜ்யம் வாங்கியது. பொருளியல் புள்ளியியலாளர் வில்லியம் கிரீன் 2004-இல் அதே தரவை எடுத்து, நாடுகளுக்கு இடையிலான இயல்பான வேறுபாடுகளைத் தனியே பிரித்துக் கணக்கிட்டுப் பார்த்தார். திறமைக்குறைவு என்று தெரிந்ததில் பெரும்பங்கு அந்த வேறுபாடுகளாகக் கரைந்துபோனது; நாடுகள் இடம் மாறின.

மக்களிடம் கேட்டுப் பார்த்தவரும் உண்டு. ஹார்வர்டின் ராபர்ட் பிளெண்டன் குழு 17 பணக்கார நாடுகளின் கருத்துக்கணிப்புகளைப் பட்டியலோடு ஒப்பிட்டது. இரண்டாம் இடம் பிடித்த இத்தாலியில் தங்கள் மருத்துவ ஏற்பாட்டில் திருப்தி என்றவர்கள் ஐந்தில் ஒருவர். 34-ஆம் இடத்து டென்மார்க்கில் பத்தில் ஒன்பது பேர். மக்களின் திருப்தியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். பழகிப்போன கஷ்டம் பலருக்குக் கஷ்டமாகத் தெரிவதில்லை. ஆனால் இவ்வளவு தலைகீழாக இருக்கும்போது ‘நடத்தும் விதம்’ என்று யாரிடம் எதை அளந்தார்கள் என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

2001 தொடக்கத்தில் உறுப்பு நாடுகள் நிர்வாகக் குழுவில் நெருக்கின. இனி எங்களைக் கேட்காமல் பட்டியல் கூடாது. ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் சுதிர் ஆனந்த் தலைமையில் வல்லுநர் குழு அமைத்து முறைகளை ஆராய்ந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரவரிசை என்ற வாக்குறுதி மெல்லக் காற்றில் போனது. 2003-இல் புருண்ட்லாண்ட் விலகினார், மர்ரேயும் கிளம்பினார். உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பிறகு நாடுகளின் கட்டமைப்பை இப்படி வரிசைப்படுத்தவே இல்லை. அதனால் ஒரு விபரீதம் நடந்தது. அடுத்த பட்டியல் வந்திருந்தால் 37 பழசாகிச் செத்திருக்கும். வராததால் அதுவே ஆகக்கடைசி எண்ணாக நிலைத்துவிட்டது.

பிரான்ஸில் அதன் உடன்பிறப்பான 1 சுகமாக வாழ்ந்தது. உலகின் தலைசிறந்த சுகாதாரக் கட்டமைப்பு நம்முடையது என்று எல்லாக் கட்சியினரும் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொண்டார்கள்; சீர்திருத்தம் வேண்டும் என்றவர்களும் சொன்னார்கள், வேண்டாம் என்றவர்களும் சொன்னார்கள்.

மெக்சிகோவில் வேறு கதை. ஃபிரெங்க் 2000 டிசம்பரில் தன் நாட்டின் சுகாதார அமைச்சரானார். ஒட்டுமொத்தத் தரவரிசையில் மெக்சிகோ 61. நிதி நியாயத்தில் 144. அவர் கையில் எடுத்தது 144-ஐத்தான். மக்கள்தொகையில் பாதிப்பேர் காப்பீடு இல்லாமல் சொந்தக் காசில் வைத்தியம் பார்த்து நொடித்துப்போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் வாதாடி, 2003-இல் சட்டம் நிறைவேற்றி, ‘செகுரோ பாப்புலர்’ என்ற பொதுக் காப்பீட்டை 2004-இல் தொடங்கிவைத்தார். கோடிக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தார்கள். பின்னால் வந்த ஓர் அரசு 2020-இல் அதைக் கலைத்தது வேறு விஷயம். முழுப் பட்டியலிலும் ஆகக் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளான அளவு நிதி நியாயம். உருப்படியான காரியத்துக்கு உதவியதும் அதுதான். ‘இதை ஏன் குடும்பம் குடும்பமாக எண்ணவில்லை?’ என்ற ஏச்சால் பல நாடுகளில் வீட்டுக் கணக்கெடுப்புகள் நடந்தன. மருத்துவச் செலவால் கவிழும் குடும்பங்களை 59 நாடுகளில் எண்ணிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. இன்று ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் அந்த எண்ணிக்கைக்கு ஓர் இடம் உண்டு.

37-இன் உச்ச காலம் 2007 முதல் 2010 வரை. மைக்கேல் மூர் எடுத்த ‘சிக்கோ’ ஆவணப்படம் 2007-இல் அதைத் திரையில் ஏற்றியது. ஸ்லோவேனியாவுக்குச் சற்று முன்னால் நிற்கிறோம் என்று மூர் சொல்லும்போது அரங்கம் சிரிக்க வேண்டும். ஸ்லோவேனியர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். படத்தில் நோயாளிகளை மூர் கியூபாவுக்கு அழைத்துப்போகிறார். பட்டியலில் கியூபா 39 என்பதைக் கண்டுபிடித்து எதிர்த்தரப்பு மகிழ்ந்தது. 2009-இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டத்துக்காக அமெரிக்கா தெருவில் சண்டை போட்டபோது, பால் ஹிப் என்ற நடிகர் ‘நாமதான் முப்பத்தேழு’ என்ற பொருளில் ஒரு நையாண்டிப் பாட்டு போட்டு இணையத்தில் விட்டார். கேட்டோ போன்ற வலதுசாரி ஆய்வு மையங்கள் எண்ணைக் கிழித்தன. இடதுசாரிகள் பதாகையில் எழுதிப் பிடித்தார்கள். இரு தரப்பும் ஒரே எண்ணைப் பிடித்து இழுத்தார்கள். 1997-இல் முடிந்துபோன தரவு அது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2010 ஜனவரியில் மர்ரேயும் ஃபிரெங்கும் அமெரிக்காவின் முதன்மை மருத்துவ இதழில் 37-ஐத் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒப்பிடுவது கடினம்தான், ஆனால் விஷயம் மாறவில்லை என்றார்கள். 2006 நிலவரப்படி தலைக்குச் செலவில் முதலிடம் வகித்த அமெரிக்கா சிசு இறப்பில் 39, ஆயுளில் 36. பலவற்றையும் போட்டு அரைத்த கலவை எண்கள் அல்ல இவை. தப்பான பாதையில் போன வண்டி சரியான ஊருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது போலத்தான் இது படுகிறது. அதற்காகப் பாதை சரியாகிவிடாது.

சில மாதங்களில் அதே இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஃபிலிப் மஸ்குரோவ், 2000 அறிக்கையின் தலைமைப் பதிப்பாசிரியர். தரவரிசை தன் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை என்றார். அதற்குள் போன எண்களில் 61 விழுக்காடு அளக்கப்பட்டவை அல்ல, ஊகித்து நிரப்பப்பட்டவை. சில அளவுகளில் 191 நாடுகளுக்கான ஊகமும் வெறும் முப்பது நாடுகளின் மதிப்பீட்டிலிருந்து பிறந்தது என்றார். 37 என்பதற்கு அர்த்தமே கிடையாது, செத்த பிறகும் நடமாடும் இந்தப் பிணத்தை இனியாவது புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் 2003-இலேயே ‘லான்செட்’டில் எழுதியிருந்தார். அந்த ஏழு ஆண்டில்தான் படமும் பாட்டும் வந்திருந்தன.

என்னைக் கேட்டால் 37-இன் பெரிய குற்றம் ஊகித்து நிரப்பியது அல்ல. தரவு இல்லாத உலகில் ஊகிக்காமல் எதையும் தொடங்க முடியாது. ஒரு நாடு அதைப் படித்துவிட்டு நாளைக் காலை எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அது சொல்லவே இல்லை, அதுதான் குற்றம். 2003-இல் ஜெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் குழுவினர் எழுதிய சிறு கட்டுரை அதைச் சொன்னது. அமெரிக்கர்கள் மற்ற பணக்கார நாட்டவரைவிட அதிக தடவை மருத்துவரிடம் போவதில்லை, அதிக நாள் மருத்துவமனையில் படுப்பதில்லை. அதே மருந்துக்கும் அதே படுக்கைக்கும் அதே ஸ்கேனுக்கும் அதிக விலை கொடுக்கிறார்கள். இதை வைத்து ஓர் அரசு காரியம் ஆற்றலாம். பெல்லாஜியோ நூல் எனக்குப் பிடித்ததற்கும் காரணம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனமே 2010 அறிக்கையில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உலகின் மருத்துவச் செலவில் 20 முதல் 40 விழுக்காடு வீணாகிறது என்று மதிப்பிட்டு, வீணாகும் வழிகளைப் பத்தாக வகுத்தது: மருந்துக்கு அதிக விலை, போலி மருந்து, தேவையில்லாத சோதனை, கசிவு, ஊழல் இப்படி. நாடுகளின் வரிசை இல்லாததால் தலைப்புச் செய்தியும் இல்லை. தமிழ்நாட்டில் இதில் ஒரு வழியை 1995-இலேயே அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மருத்துவமனைகளுக்கு வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ் புக் கொடுத்து வரவுசெலவு வைத்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. 2000-ஆம் ஆண்டில் இந்தியா வாங்கிய 112-க்குள் இதுவும் இருந்தது, மருந்தே இல்லாத மருத்துவமனைகளைக் கொண்ட மாநிலங்களும் இருந்தன.

பட்டியல் போடும் ஆசை மட்டும் ஓயவில்லை. ‘புளூம்பெர்க்’ ஆயுளையும் செலவையும் மட்டும் வைத்து ஒரு செயல்திறன் வரிசை வெளியிட்டது. 2018-இல் ஹாங்காங் முதலிடம், 56 நாடுகளில் அமெரிக்கா 54. நியூயார்க்கின் காமன்வெல்த் நிதியம் பத்துப் பதினொரு பணக்கார நாடுகளை அவ்வப்போது ஒப்பிட்டு ஒவ்வொரு முறையும் அமெரிக்காவைக் கடைசியில் வைக்கிறது. மர்ரே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்ஸ் அறக்கட்டளை நிதியோடு 2007-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அங்கே உருவான குறியீடு, சரியான சிகிச்சை கிடைத்தால் தடுக்கக்கூடிய மரணங்களை எண்ணுகிறது. 2018-இல் அது 195 நாடுகளில் இலங்கையை 71-லும் இந்தியாவை 145-லும் வைத்தது; கேரளமும் கோவாவும் எங்கே, உத்தரப் பிரதேசமும் அசாமும் எங்கே என்று நாட்டுக்குள்ளும் பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிப்புக்காகவே இந்தப் பேரனை மன்னிக்கலாம். 2019 அக்டோபரில் வந்த தூரத்து உறவு ஒன்றையும் விட்டுவிட முடியாது: கொள்ளைநோயைச் சமாளிக்கும் ஆயத்தத்தில் 195 நாடுகளை வரிசைப்படுத்திய உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு. முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். கொரோனா வந்தது அதற்குச் சில மாதங்களுக்குள்.

இந்தியாவில் நிதி ஆயோக் 2018 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு ஒரு சுகாதாரக் குறியீடு கொண்டுவந்தது. பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு மூன்றாவது. 2019-இல் வந்த அடுத்த சுற்றில் ஒன்பதாவது. 2021 டிசம்பரில் வந்த நான்காவது சுற்றில் இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அத்தனை விரைவாக எதுவும் கெட்டுப்போய் எழுந்திருக்க முடியாது. ஆனால் நிதி ஆயோக் ஒரு காரியம் புத்திசாலித்தனமாகச் செய்திருந்தது. மாநிலம் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு வரிசை, சென்ற முறை நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதற்குத் தனியாக இன்னொரு வரிசை. நான்காவது சுற்றின் பெரிய மாநிலங்களில் முதல் வரிசையில் கடைசியாக நின்றது உத்தரப் பிரதேசம். இரண்டாவது வரிசையில் முதலாவதாக நின்றதும் உத்தரப் பிரதேசம்தான். அங்கே சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அவரவருக்கு வேண்டிய வரிசையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.